எழுப்பாமலிருக்கக் கூலி

வயிற்றிலிருக்கும் பிள்ளையைத் தூங்க வைக்க எங்கள் தாஸா ஊரில் அப்போது நாற்பது திர்ஹாமும் ஒரு சேவலும். எழுப்புவதற்கு எண்பது, சேவல் வேண்டாம். ஏன் இரட்டிப்பு என்று கேட்டால் மருத்துவச்சி ஹத்தூம் திருப்பிக் கேட்பாள்: தூங்குகிறவனை எழுப்பிப் பார்த்ததே இல்லையா நீ?

இதையெல்லாம் சந்தேகப்படுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். எங்களுடையது ஆண்கள் கடல் தாண்டிப் போகிற ஊர். புருஷன் போனபின் வயிற்றில் நிற்கிற கரு, அப்பன் முகம் பார்க்காமல் பிறக்க மனமில்லாமல் தூங்கிவிடும். அவன் வந்ததும் எழுந்துகொள்ளும். அதுவரை வயிறு பெருக்காது. மாதவிலக்கு சிலருக்கு நிற்கும், சிலருக்கு நிற்காது. இரண்டு வருஷம், மூன்று வருஷம் தூங்கிய பிள்ளைகள் ஊரில் உண்டு. அவற்றில் எத்தனை பக்கத்து வீட்டு மூக்கோடு எழுந்தன என்று கேட்பது மரியாதையில்லை. காஜியே கேட்டதில்லை.

பத்தூல், ஜவுளிக்கடை ஹாஜி அல்லாலின் கடைசிப் பெண். துணி மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவள். பிடித்த துணியை முதலில் தொடாதே, பிடிக்காததைப் பிரிக்கச் சொல்லி உதட்டைப் பிதுக்கு என்ற பாடத்தை ஓதக் கற்குமுன்பே கற்றவள். துஹாமி வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோதும் அதையேதான் செய்தாள். பையனுக்குக் காது பெரிது, நடை கோணல், குரல் ஓட்டைப் பானை என்று அடுக்கினாள். அம்மா பயந்துபோய், சரி வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்று எழுந்ததும், காது பெரிதாக இருந்தால் சொன்னது கேட்கும், இருக்கட்டும் என்றாள்.

கல்யாணமாகி ஐந்தாம் மாதம் பிரான்சிலிருந்து நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். வரிசையில் நிறுத்தி, பல்லைப் பார்த்து, முதுகைத் தட்டி, தேறியவன் மார்பில் பச்சை முத்திரை குத்தினார்கள், தேறாதவனுக்குச் சிவப்பு. துஹாமி பச்சையோடு வீட்டுக்கு வந்தான். முத்திரை அழிந்துவிட்டால் எடுக்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்ட பத்தூல், வெந்நீர்க் கூடத்துக்குப் போய் நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு வரும்படி அவனிடம் ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அவன் குளிக்காமலேயே கப்பலேறினான்.

அவன் போன மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று. மாமியார் மன்னானா தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். வயிறு திறக்காத மருமகள் புருஷன் திரும்பும்வரை அப்பன் வீட்டில் இருப்பதுதான் அந்தக் குடும்பத்தில் முறை. இப்போது திறந்துவிட்டதால் இனி நீ இந்த வீட்டுப் பெண் என்று சாவிக்கொத்தில் ஒரு சாவியைக் கழற்றியும் கொடுத்துவிட்டாள். மறுவாரம் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது பத்தூலுக்கு ரத்தம் வந்தது.

அப்பன் வீட்டில் ரொட்டிக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே ஆணியில் துஹாமியின் ஜெல்லாபா அங்கி தொங்காது. அதன் கழுத்துப் பட்டியில் அவன் வியர்வை வாசம் இன்னும் இருந்தது. பத்தூல் மாவுக் கையைக் கழுவிக்கொண்டு மாமியாரிடம் போனாள். அப்பா இல்லாமல் பிள்ளை பிறப்பது நன்றாகவா இருக்கும், தூங்க வைத்துவிடலாம், அவர் வந்து பார்க்கட்டும் என்றாள். மன்னானாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகன்மேல் இவ்வளவு ஆசையா இந்தப் பெண்ணுக்கு என்று ஊர் மெச்சியது. அந்த ஒரு விஷயத்தில் ஊர் ஏமாறவில்லை.

ஹத்தூம் ஒரு குளிர்ந்த முட்டையை அவள் வயிற்றில் உருட்டினாள். கறுப்பு நூலில் முடிச்சுகள் போட்டு, வெயில் படாத இடத்தில் வை, காரம் சேர்க்காதே என்று கொடுத்தாள். சேவலை எடுத்துக்கொண்டாள்.

நல்ல பொய்க்குக் கெட்ட குணம் ஒன்று உண்டு. சொன்னவரையே வாடிக்கையாளராக்கிவிடும். மூன்று வருஷம் பத்தூல் மிளகைத் தொடவில்லை. மூட்டை தூக்கவில்லை. தெருவில் பெண்கள் சலாம் சொன்ன கையோடு தூங்குகிறானா என்று கேட்பார்கள், தூங்குகிறான் என்பாள். சொல்லிச் சொல்லி இடது பக்கத்தில் ஒரு கனம் தெரிய ஆரம்பித்தது. மாதாமாதம் வருகிற ரத்தத்தைக் தட்டையான கூரைமேல் கம்பளி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்த துணிகள் மட்டும் அறிந்திருந்தன. மாமியார் சந்தைக்குப் போகிற நேரம் பார்த்துத் துவைப்பாள். துவைத்துவிட்டுக் கீழே வந்தால், மறுபடி அந்தக் கனம்.

துஹாமி எழுத மாட்டான். கேசட் அனுப்புவான். அம்மாவுக்கு நலம் விசாரித்து, கடன்காரர்களுக்குச் சமாதானம் சொல்லி, கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொள்வான். "டேய், நான்தான்டா அப்பா. இங்க ஒரே பனி. நீ பாட்டுக்குத் தூங்கு. அம்மாவை உதைக்காத." பத்தூல் டேப் ரிக்கார்டரைத் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொள்வாள். பிள்ளைக்குக் கேட்கட்டும் என்கிறாள் என்று மன்னானா நினைத்துக்கொள்வாள். அந்தக் குரல் யாருக்கு எங்கே கேட்டது என்பது அவளுக்கும் படைத்தவனுக்கும்தான் தெரியும்.

மூன்றாம் வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். மெலிந்திருந்தான். காது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. பெட்டியைத் திறந்தால் பிள்ளைத் துணிகள். பிறந்த குழந்தைக்கு, தவழும் குழந்தைக்கு, நடக்கும் குழந்தைக்கு, பள்ளிக்கூடம் போகிறவனுக்கு என்று வரிசையாக. வியாபாரி மகள் அதைப் பார்த்ததும் ஒரு கணக்குப் போட்டாள். அன்பளிப்பு வாங்குகிறவன் ஒரு அளவு வாங்குவான். எல்லா அளவும் வாங்குகிறவன் இனி அந்தக் கடைக்குப் போகப்போவதில்லை என்று முடிவு செய்தவன். ஏன் என்றுதான் புரியவில்லை.

அவளுடைய திட்டம் எளிது. புருஷன் வந்துவிட்டான், உண்மையான கரு ஒன்று தங்கிவிட்டால் போதும், பழைய பொய் அதற்குள் ஒளிந்துகொள்ளும். அதற்கு நாலைந்து மாதம் அவகாசம் வேண்டும். ஆனால் அவன் இறங்கிய மறுநாளே, எப்போது எழுப்பலாம் என்று அம்மாவிடம் கேட்டான். பத்தூல் பேரம் பேசினாள். நோன்பு வருகிறது, சூட்டு மருந்து குடிக்க முடியாது என்றாள். நோன்பு முடிந்ததும், கோடையில் எழுப்பினால் பிள்ளை சொறி பிடித்துப் பிறக்கும் என்றாள். கோடையும் போயிற்று. கரு மட்டும் தங்கவில்லை. இரவில் அவன் அவளை அணைத்துக்கொள்வதில் குறை வைக்கவில்லை. அணைத்த கை வயிற்றில் வந்து நின்றுவிடும். திருடனுக்குப் பயந்து கல்லாப்பெட்டிமேல் கை வைத்துத் தூங்குகிற கடைக்காரனைப் போல.

ஒரு செவ்வாய்க்கிழமை, மாமியார் சந்தைக்குக் கிளம்பியதும், பத்தூல் கூரைக்குப் போய்க் கம்பளி மூட்டையை நகர்த்தினாள். துணிகள் அங்கேயே இருந்தன. துவைக்கப்பட்டு, காய்ந்து, விளிம்போடு விளிம்பு பொருந்த மடிக்கப்பட்டு, ஓரம் உள்ளே செருகப்பட்டிருந்தன. சுரங்கக் கொட்டடியில் ஆண்கள் சட்டை மடிக்கிற மடிப்பு. பெட்டியைத் திறந்த அன்றே அதை அவள் பார்த்திருந்தாள்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற புருஷனைச் சமாளிக்கலாம். கேட்காதவன் சாட்சி சேர்க்கிறான். அன்று மாலை அவன் புதினாத் தேநீரைத் தன் கையாலேயே ஊற்றி முதல் குவளையை அவளிடம் நீட்டினான். சுரங்கத்தில் செத்தவர்கள் கதையும், கூட இருந்தவன் கதையுமாக என்னவோ பேசிக்கொண்டிருந்தான். அவள் குவளையைப் பிடித்தபடியே இருந்தாள். அவன் அவள் கையிலிருந்து அதை வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, மறுபடி அவளிடமே கொடுத்தான். சிரிக்கவில்லை. கோபப்படவுமில்லை. அவள் குடித்தாள். சர்க்கரை கூடுதலாக இருந்தது.

மன்னானாவுக்கு இனி பொறுமையில்லை. மீலாது கழிந்த வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்துவிட்டாள். துஹாமி தலையாட்டினான். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லியாகிவிட்டது. தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தாகிவிட்டது. பத்தூல் கையிலிருந்த வெள்ளி வளையலைக் கழற்றி தலைத்துணி நுனியில் முடிந்துகொண்டு ஹத்தூம் வீட்டுக்கு நடந்தாள். எழுப்பும்போது பிள்ளை தவறிவிட்டது என்று சொல்ல என்ன விலை என்று கேட்பதாக எண்ணம். வழியெல்லாம் அழுதாள். இல்லாத பிள்ளையைச் சாகடிக்க விலை பேசப் போகிறவள் அழுவானேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் நிற்கவில்லை.

ஹத்தூம் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வளையலைப் பார்த்தாள், எடை பார்க்கக்கூட எடுக்கவில்லை.

"உள்ள போட்டுக்கோ மகளே. உன் வீட்டுக்காரர் முந்திக்கிட்டாரு."

"எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை நான் எல்லாம் செஞ்சு பாத்துட்டு, எழுந்திருக்க மாட்டேங்கறான், இன்னும் காலம் இருக்குன்னு சொல்லணுமாம். முந்நூறு குடுத்தாரு. முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்குக் கூலி குடுத்தவர் அவர் ஒருத்தர்தான்."

பத்தூல் உட்கார்ந்துவிட்டாள். லல்லா என்று மரியாதையாகக் கூப்பிட்டு, உங்களுக்குத் தெரியுமா, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"நான் கதவைப் பூட்டறவ. வீட்டுக்குள்ள யாரு இருக்காங்கன்னு பாக்கறதில்ல. பாத்திருந்தா இந்த ஊர்ல பாதிக் குடும்பம் இருந்திருக்காது." கடலைத் தோலை ஊதினாள். "உனக்குத் தெரியாதா?"

பத்தூல் எழுந்து வந்தாள். அவளுக்கு உண்மையாகவே அப்போது தெரிந்திருக்கவில்லை என்று சொன்னால் நம்புகிறவர்கள் நம்பலாம்.

வீட்டில் துஹாமி கூரையில், பகல் வெயிலில், மெத்தைக் கம்பளியைக் கோலால் அடித்துக்கொண்டிருந்தான். கம்பளிப் பிசிறு பறந்து அவன் புருவமெல்லாம் வெளுத்திருந்தது. பத்தூல் எதிரே போய் நின்றாள். பேரத்தில் முதல் விலை சொல்கிறவன் தோற்பான் என்பது அவள் அப்பாவின் வேதவாக்கு. அன்று அவள் அதைத் தூக்கிப் போட்டாள். பிள்ளை இல்லை என்றாள். ஹத்தூம் வீட்டுக்குப் போவதற்கு முன்பே ரத்தம் வந்துவிட்டது. அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். இங்கே இருந்தால்தான் நீங்கள் திரும்பி வருகிற வாசல் என் வாசலாக இருக்கும் என்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அவ்வளவுதான் என்றாள்.

அவன் கோலைக் கீழே வைக்கவில்லை.

"இருக்கான்."

"நீங்களே துணியைத் துவைச்சீங்க."

"அம்மா கண்ணுல பட்டுடக் கூடாதேன்னு துவைச்சேன். ரத்தம் வந்தா என்ன? தூங்கற பிள்ளைக்கு ரத்தமும் வரும்னு ஊரே சொல்லுது."

"பிள்ளை தூங்குதுன்னு ஊரைச் சொல்ல வச்சதே நான்தாங்க."

அப்போதுதான் அவன் உட்கார்ந்தான். அவன் அங்கே போய் இரண்டாவதாக வந்த குளிர்காலத்தில் கொட்டடியில் பொன்னுக்கு வீங்கி வந்ததாம். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற நோய் என்று எல்லோரும் கேலி செய்தார்களாம். கழுத்து வீக்கம் கீழே இறங்கிற்று. பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதன்பின் ஒரு வைத்தியர், மொழி தெரிந்த ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இனி உனக்குப் பிள்ளை பிறக்காது என்று சொன்னார். சொல்லி முடித்ததும் அந்த மொழிபெயர்த்தவன் இவனைப் பார்க்க மாட்டாமல் ஜன்னலைப் பார்த்தானாம்.

"இனிமேதானே கிடையாதுன்னாரு. முன்னாடி இருந்தது இருக்குமே. அவன் காய்ச்சலுக்கு முந்தினவன். நான் அந்தப் படுக்கையில கிடந்து சிரிச்சேன், பத்தூல். பைத்தியம்னு நினைச்சிருப்பாங்க. ஊர்ல ஒருத்தன் பத்திரமா தூங்கறான், போய் எழுப்பிக்கலாம்னு சிரிச்சேன்."

கடைசிப் பிள்ளைக்குத்தான் எல்லா அளவிலும் துணி வாங்குவார்கள். பத்தூலுக்கு அப்போது புரிந்தது. அவள் மாதாமாதம் எதிர்பார்த்த கரு எந்த மாதமும் வந்திருக்காது என்பதும் புரிந்தது. அவனுக்கு அது தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டே அவள் தலையணையில் தலை வைத்திருக்கிறான்.

"அப்பறம் ஏன் எழுப்ப வேணாம்னு காசு குடுத்தீங்க?" என்றாள்.

துணிகளைக் கண்ட நாளிலிருந்து பயம் என்றான். எழுப்பி, எழாமல் போனால்? எழுப்பாதவரை இருக்கிறான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"நீ இப்ப சொல்றதுதான் பொய்."

"நான் சொன்னதுலயே இது ஒண்ணுதாங்க நெசம்."

"மூணு வருஷம் ஒண்ணு சொன்னே, நம்பினேன். இன்னிக்கு ஒரே மூச்சுல வேற சொல்றே. எதை எடுத்துக்கறது? எடை போட்டா எது கனம்? நீயே கடைக்காரன் மகதானே, சொல்லு."

வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சரக்கை இலவசமாகக் கொடுத்தாள், வாங்க ஆளில்லை. கீழே போய் மன்னானாவிடம் சொன்னால், பயத்தில் உளறுகிறாள் என்பாள். தெருவில் சொன்னால், தூங்கும் பிள்ளைக்குக் கண்ணேறு பட்டுவிட்டது என்று உப்பைச் சுற்றிப் போடுவார்கள். சுவரேயில்லாத அறையில் அவள் தானே பூட்டு மாட்டிக்கொண்டிருந்தாள்.

துஹாமி மெதுவாக அடுத்ததைச் சொன்னான். ஒப்பந்தம் இன்னும் இருக்கிறது, அடுத்த மாதம் திரும்பப் போகிறேன், நீ அவனைப் பத்திரமாக வைத்துக்கொள், கேசட் அனுப்புகிறேன் என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. தூரத்தில் இருந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். பனியும் தனிமையும் போதும் அவனுக்கு, வீட்டில் ஒருவன் தூங்குவதானால்.

மூன்று வருஷம் ஒரு ஜெல்லாபாவை முகர்ந்தவளுக்கு அந்த நிம்மதியைப் பொறுக்க முடியவில்லை.

"போகாதீங்க," என்றாள்.

"பொழைக்க வேணாமா?"

"இங்கயே பொழைங்க. நீங்க இருந்தா அவன் தூங்கறான். எங்க வேணா, யாரு கிட்ட வேணா சொல்றேன். உங்க கிட்டயும் சொல்றேன். நீங்க கப்பல் ஏறினா, நானும் கேசட் அனுப்புவேன்."

"என்னன்னு?"

"இல்லைன்னு. அரை மணி நேரம், இரண்டு பக்கமும். இல்லை, இல்லை, இல்லைன்னு மட்டும். என் குரல்ல. வாரா வாரம் வரும். போடாம இருக்க முடியுமா உங்களால? நானா இருந்தா முடிஞ்சிருக்காது."

இவள் செய்வாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. சுரங்கத்தில் மேலே மண் சரியும்போது ஒரு சத்தம் வருமாம், அதற்குப் பிறகு ஓடிப் பயனில்லையாம். அந்தச் சத்தத்தைக் கேட்டவனைப் போல உட்கார்ந்திருந்தான். பிறகு, உன் அப்பாவிடம் வியாபாரம் கற்ற எவனும் உருப்பட்டதில்லை என்றான். அவள், என்னைத் தவிர என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிரித்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஹத்தூம் வந்தாள். ஆவி பிடிக்க வைத்தாள், முடிச்சுகளைத் தொட்டாள், காதை வைத்துக் கேட்டாள், வாங்கிய கூலிக்குக் குறைவில்லாமல் வியர்த்தாள். ஆழ்ந்த தூக்கம், இவன் பெரிய மனிதனாக வருவான், அவசரப்படுத்தாதீர்கள் என்று தீர்ப்புச் சொன்னாள். மன்னானா அழுதாள், பிறகு வந்த பெண்களுக்குத் தேன் ரொட்டி கொடுத்தாள்.

துஹாமி தானியச் சந்தைக்குப் பக்கத்தில் கரிக்கடை வைத்தான். பூமிக்கடியில் வெட்டினவன் பூமிக்கு மேலே நிறுக்கிறான் என்று ஊர் சிரித்தது. இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகின்றன. மாமியார் போய்ச் சேர்ந்தாள், தொட்டிலை மறுபடி பரணில் ஏற்றவிடாமலேயே. மாலையில் துஹாமி கை கழுவிவிட்டு வந்து, பத்தூலின் வயிற்றில் அந்தப் பெரிய காதை வைத்துப் படுப்பான். ஏதோ கேட்கிறது என்பான். குடல் என்பாள். சில நாள் குடல் என்று சொல்ல மாட்டாள். அவன் தலைமுடியில் ஒட்டியிருக்கும் கரித்தூளைத் தட்டிவிட்டபடி, தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்.

கணக்கு இப்போது இப்படி நிற்கிறது. பத்தூலுக்கு வரவு, தினமும் அந்தி சாயும்போது வாசலில் கழற்றப்படும் ஒரு ஜோடிச் செருப்பு. துஹாமிக்கு வரவு, பெயர் வைக்காத மகன் ஒருவன். செலவு இருவருக்கும் சமம். நிலுவையில் இருப்பது ஒரு பிள்ளை. யார் யாருக்குத் தர வேண்டும் என்பதில்தான் அவர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.